பெயர் செய்த காயம்

சென்ற ஆண்டு ஐப்பசி மழை ஓயாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், எங்கள் மகள் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, மேசையின்மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். நகரத்திலுள்ள கருத்தரிப்பு மையம் ஒன்றில் அவளுடைய இரத்தத்தைச் சோதித்து எழுதிக் கொடுத்த அறிக்கை அது. அதில் எண்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றின் கீழ் மட்டும் சிவப்பு மையால் இருமுறை கோடிட்டிருந்தார்கள். கோட்டுக்கு மேலிருந்த ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' என்று வரும். இருக்கவேண்டிய அளவைக் கடந்து அவை மிகுந்திருப்பதாக அறிக்கையில் கண்டிருந்தது.

நான்கு ஆண்டுகளுக்குள் அவள் மூன்று முறை கருவுற்றாள். மூன்று முறையும் மூன்றாம் மாதம் நிறையுமுன்னரே கரு கலைந்து போயிற்று. இந்த அணுக்களே வயிற்றுப் பிள்ளையை அந்நியம் என்று கருதிக் கொன்றுவிடுகின்றன என்றும், அவற்றை அடக்குவதற்குச் சோயா எண்ணெயாலான ஒரு வெண்ணிறத் திரவத்தை நரம்பு வழியே ஏற்ற வேண்டும் என்றும், உடன் ஸ்டீராய்டு மாத்திரைகளும் கொள்ள வேண்டும் என்றும் அம்மையத்தில் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆகும் செலவு எங்கள் மருமகனின் மூன்று மாதச் சம்பளத்திற்கு மேல். ஆயினும் மகள் செலவைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் கேட்டது வேறொன்று.

"அப்படியென்றால் மூன்று பிள்ளைகளையும் கொன்றது என் உடம்புதானா, அம்மா?"

நாங்கள் இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களில் ஒருவர் தமிழ் கற்பித்தவர்; மற்றவர் விலங்கியல் கற்பித்தவர். அன்றிரவு இருவரிடமும் விடையில்லை. விலங்கியல் கற்பித்தவர் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வெள்ளையணுக்களின் வகைகளை வரைந்து காட்டியவர்தாம். ஆனால் அந்தப் பாடநூல்களில் இந்த அணுவைப்பற்றி ஒரு வரியும் இருந்ததில்லை. தமிழ் கற்பித்தவருக்கோ 'கொல்லி' என்ற சொல்லே நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது. பூச்சிக்கொல்லி, உயிர்க்கொல்லி என்றெல்லாம் வழங்கும் அச்சொல்லைத் தாயாக விரும்பும் ஒரு பெண்ணின் உடம்போடு ஒட்டிவைத்தால் அவள் எப்படித் தாங்குவாள்?

எங்களிடம் படித்த மாணவர் ஒருவர் இன்று மருத்துவக் கல்லூரியொன்றில் கற்பிக்கிறார். அவரிடம் போனோம். அவர் பொறுமையோடு விளக்கினார். படிக்க வேண்டிய கட்டுரைகளையும் எடுத்துக் கொடுத்தார். தை பிறக்கும்வரை மாலைதோறும் அவற்றோடு அமர்ந்தோம். மகளுக்கென்று நாங்கள் தேடிய விடை, இதைப் படிக்கும் வேறு சில குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தால் இங்கே எழுதுகிறோம்.

பிழையென்று ஒதுக்கப்பட்ட உண்மை

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் புற்றுநோய் ஆய்வாளர்கள் ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். புற்றுநோயாளரின் இரத்தத்திலிருந்து நிணநீரணுக்களைப் பிரித்தெடுத்து, அவை கண்ணாடித் தட்டிலுள்ள புற்றணுக்களைக் கொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒப்பிடுவதற்காக, நோயே இல்லாதவர்களின் அணுக்களையும் அவ்வாறே சேர்த்துப் பார்ப்பார்கள். நோயில்லாதவர்களின் அணுக்கள் சும்மா இருக்க வேண்டும் என்பதே எல்லாருடைய எதிர்பார்ப்பு. ஆனால் அவையும் புற்றணுக்களைக் கொன்றன. சோதனையில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பலர் அதைத் தள்ளிவைத்தார்கள்.

பிழையன்று, உண்மையே என்று துணிந்தவர்கள் சிலர். சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில், கரோலின்ஸ்கா மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர், முன்பயிற்சி ஏதுமின்றியே புற்றணுவைக் கொல்லவல்ல ஒரு தனிவகை அணு எலிகளிடம் இருப்பதை 1975இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ரொனால்டு ஹெர்பர்மன் குழுவினரும் அவ்வாறே கண்டார்கள். முன்பயிற்சி வேண்டாமையால் 'இயற்கை' என்றும், கண்ணாடித் தட்டில் அது செய்த தொழிலைக் கண்டு 'கொல்லி' என்றும் பெயர் அமைந்தது. புற்றணுக்களோடு சேர்த்து வைத்துப் பார்த்த காலத்தில் இட்ட பெயர் அது. கருப்பையைப்பற்றி அப்போது எவரும் நினைத்திருக்கவில்லை.

நம் இரத்தத்தில் ஓடும் நிணநீரணுக்கள் நூற்றில் ஏறத்தாழ ஐந்து முதல் பதினைந்து இந்த வகையைச் சேர்ந்தவை. புதிய கிருமியொன்று புகுந்தால், அதற்கென்றே அமைந்த மற்ற நிணநீரணுக்கள் பெருகிப் படையாகத் திரளப் பல நாள்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பவற்றுள் இவை முதன்மையானவை. இவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1989இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்த ஒரு வரலாறு காட்டியது. இந்த அணுக்கள் அறவே இல்லாதிருந்த ஓர் இளம்பெண்ணுக்குச் சின்னம்மையும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற வைரஸ் நோய்களும் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குக் கடுமையாக வந்தன. ஆக, மகளுடைய இரத்தத்தில் இவை இருப்பது குறையன்று. இல்லாதிருந்தால்தான் நாங்கள் அஞ்சியிருக்க வேண்டும்.

'உள்ளேன் ஐயா'

சரி, இந்தக் காவலாளிகள் யாரைக் கொல்வது, யாரை விடுவது என்பதை எங்ஙனம் அறிகிறார்கள்? எங்களை மிகவும் வியக்கவைத்த பகுதி இதுவே.

செவ்வணுவைப் போன்ற சிலவற்றைத் தவிர, நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களும் தம் மேற்பரப்பில் சில புரத அடையாளங்களை ஏந்தி நிற்கின்றன. மருத்துவர்கள் அவற்றை எச்.எல்.ஏ. என்பர். இவற்றில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வந்தவை. உயிரணுவுக்குள்ளே என்னென்ன புரதங்கள் உருவாகின்றன என்பதற்குச் சிறு சிறு மாதிரிகளை இவை வெளியே எடுத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டும் இவற்றின்மேல் தெரியும். டி-அணுக்கள் என்னும் வேறு வகை நிணநீரணுக்கள் அந்த அந்நியத் துண்டைக் கண்டு தாக்கும்.

கள்ளனும் இதை அறிவான். புற்றணுக்கள் பலவும் வைரஸ்கள் சிலவும் இந்த அடையாளங்களையே மறைத்துவிடுகின்றன. காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றால் டி-அணுவால் காணவும் முடியாது அன்றோ? கண்ணில் மண்ணைத் தூவும் இந்த வித்தை, இயற்கைக் கொல்லி அணுவிடம் பலிப்பதில்லை. ஏனெனில் அது இல்லாததைத் தேடும் காவல்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது வகுப்பறையை நினைவூட்டியது. வகுப்பில் அந்நிய முகம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் அழைத்து, 'உள்ளேன் ஐயா' என்ற குரல் எங்கே எழவில்லை என்று பார்ப்பது மற்றொரு முறை. டி-அணு முன்னதைச் செய்கிறது. இந்த அணு பின்னதைச் செய்கிறது. வழியில் தொடும் ஒவ்வோர் உயிரணுவிடமும் அது நின்று கேட்கிறது. அடையாளம் விடை சொன்னால் சில நிமிடங்களில் விலகிச் செல்கிறது. விடை வராத இடத்தில் தங்கிவிடுகிறது.

இவ்வுண்மையைக் கண்டவர் அதே கரோலின்ஸ்காவைச் சேர்ந்த கிளாஸ் கேரே. ஒரு பழைய புதிர் அவரைச் சிந்திக்க வைத்தது. இரு வேறு குலத்து எலிகளுக்குப் பிறந்த குட்டியிடம் தாய், தந்தை இருவருடைய அடையாளங்களும் உண்டு. பெற்றோரில் ஒருவரின் எலும்பு மச்சையை அதற்குள் செலுத்தினால், அதில் குட்டிக்கு அந்நியமானது எதுவுமே இல்லை; ஆகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் குட்டி அதை மறுத்துவிடுவது உண்டு. அந்நியமானது வந்ததால் மறுக்கவில்லை, தனக்குரிய அடையாளங்களில் பாதி அங்கே இல்லாமையால் மறுக்கிறது என்று கேரே எண்ணினார். 1981இல் பட்டத்திற்காக எழுதிய ஆய்வேட்டில் இக்கருத்தை வைத்தார். 1986இல் அவரும் தோழர்களும் அதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே எலிக்குலத்துப் புற்றணுக்களில் அடையாளம் உள்ளவை, இல்லாதவை என இரு வகையை எலிகளுக்குள் செலுத்தியபோது, அடையாளம் உள்ளவை கட்டியாக வளர்ந்தன. அடையாளம் இழந்தவற்றை எலிகள் ஒழித்துவிட்டன. கள்ளன் முகத்தை மறைத்ததாலேயே பிடிபட்டான்!

அடையாளத்தைத் தொட்டறியும் ஏற்பிகள் பின்னர்க் கண்டறியப்பட்டன. 1992இல் வேன் யோகோயாமாவின் குழு எலியிடமும், அதே காலத்தையொட்டி இத்தாலியின் ஜெனோவா நகரில் அலெசாண்ட்ரோ, லொரென்சோ மொரெட்டா என்னும் உடன்பிறந்தார் மனிதரிடமும் அவற்றை இனங்கண்டார்கள். இவை கடிவாளம் போன்றவை. உரிய அடையாளத்தைப் பற்றிய மாத்திரத்தில் அணுவைக் கொல்லாதபடி இழுத்து நிறுத்துகின்றன.

துலாக்கோலின் இரு தட்டுகள்

இவ்விடத்தில் நாங்களும் ஒரு தவறு செய்யவிருந்தோம். அடையாளம் இல்லையென்றால் உடனே கொலைதான் என்று முடிவு கட்டிவிட்டோம். 'அப்படியானால் செவ்வணுக்களை ஏன் கொல்வதில்லை?' என்று எங்கள் மாணவர் கேட்டார். செவ்வணுக்களிடம் அந்த அடையாளம் இல்லை. ஆயினும் கோடிக்கணக்கான செவ்வணுக்கள் இந்தக் காவலாளிகளின் பக்கத்திலேயே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

விடை இதுதான்: கடிவாளம் தளர்ந்தால் மட்டும் போதாது, குதிரையைத் தட்டி விடவும் ஒரு கை வேண்டும். இந்த அணுவுக்குத் தூண்டும் ஏற்பிகளும் உண்டு. வைரஸாலோ புற்றாலோ துன்புறும் உயிரணு, சாதாரண நாளில் காட்டாத சில புரதங்களை மேற்பரப்பில் எழுப்புகிறது. துயரக் கொடி என்று அவற்றைச் சொல்லலாம். மைக்கா என்பது அவற்றுள் ஒன்று. அதைப் பற்றும் தூண்டு ஏற்பியை 1999இல் இனங்கண்டார்கள். ஒரு தட்டில் 'உள்ளேன்' என்னும் குரல்கள். மறு தட்டில் துயரக் கொடிகள். இரண்டையும் நிறுத்துப் பார்த்து, எந்தத் தட்டு தாழ்கிறதோ அதன்படி நடக்கிறது இந்த அணு. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு வழங்கும் அவசரம் அதனிடம் இல்லை. மனிதர்களாகிய நாம் ஒரு வீட்டுப் பெண்ணைப்பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது இத்தனை நிதானம் காட்டுகிறோமா என்று எங்களுக்குத் தோன்றியது.

தீர்ப்புக் கொலையென்றானால் அது நடக்கும் முறை மிகவும் ஒழுங்கானது. அணு தன் இலக்கோடு நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. அதற்குள்ளிருக்கும் நுண்பைகள் ஒட்டிய பக்கத்தை நோக்கி நகர்ந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய இடைவெளியில் திறக்கின்றன. அவற்றிலிருந்து வரும் பெர்போரின் என்னும் புரதம் இலக்கின் சவ்வில் துளையிடுகிறது. கிரான்சைம் என்னும் நொதிகள் அவ்வழியே உள்ளே போய், ஒவ்வோர் உயிரணுவிலும் முன்னமே அமைந்திருக்கும் தற்சாவுப் பொறியை முடுக்கிவிடுகின்றன. இலக்கு தானே சுருங்கி, துண்டு துண்டாகப் பிரிந்து, அடங்குகிறது. அருகிலிருக்கும் அணுக்களுக்குச் சேதமில்லை. விழுங்கும் அணுக்கள் வந்து மிச்சத்தைத் துப்புரவு செய்கின்றன. காவலாளியோ பிரிந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுகிறான்.

இந்த வலிமையை இன்று மருத்துவத்திற்கும் பயன்படுத்த முயல்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த இயற்கைக் கொல்லி அணுக்களுக்குக் கூடுதலாக ஓர் ஏற்பி பொருத்தி, நிணநீர்ப் புற்றும் அதைச் சார்ந்த இரத்தப் புற்றும் கண்டவர்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்த முதல் முடிவில் 11 பேரில் 8 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் நம்பிக்கை தருவது.

கருப்பையினுள்

இனி மகளின் கேள்விக்கு வருவோம். வயிற்றுப் பிள்ளையில் பாதி தந்தையுடையது. அந்தப் பாதி தாயின் உடலுக்கு அந்நியம். மாற்று உறுப்பை மறுக்கும் உடல் பிள்ளையை மட்டும் பத்து மாதம் ஏற்பது எப்படி என்று 1953இலேயே பீட்டர் மெடவார் என்னும் ஆங்கில விஞ்ஞானி வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடிக் கருப்பையின் உட்புறத்தை ஆராய்ந்தவர்கள் திடுக்கிட்டார்கள். கருத்தரித்த முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உட்சவ்விலுள்ள வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது இயற்கைக் கொல்லி அணுக்களே! நஞ்சுக்கொடி வேர்விடும் இடத்தைச் சூழ்ந்து அவை நெருக்கமாக நிற்கின்றன.

அவை பெயருக்கேற்பக் கொல்பவையாயின், உலகில் எந்தத் தாய்க்கும் பிள்ளை பிறந்திருக்காது. நாமும் இதை எழுதவும் படிக்கவும் இங்கே இருந்திருக்கமாட்டோம்.

அவை அங்கே கொல்வதற்காக நிற்கவில்லை. கருப்பையில் வாழும் இவை இரத்தத்தில் ஓடும் தம் இனத்தாரிலிருந்து பலவகையிலும் வேறுபட்டவை. நுண்பைகள் இருந்தும் கொல்லும் வேகம் இவற்றிடம் மிகக் குறைவு. நஞ்சுக்கொடியின் வெளியணுக்களும் முன்யோசனையோடு அமைந்திருக்கின்றன. டி-அணுக்களைக் கிளறிவிடக்கூடிய எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி என்ற இரு அடையாளங்களையும் அவை காட்டுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் பதிவேட்டுக்காரன் சினம்கொள்வான் அல்லவா? ஆகவே எச்.எல்.ஏ.-சி, எச்.எல்.ஏ.-இ, எச்.எல்.ஏ.-ஜி என்ற மூன்றை ஏந்தி நிற்கின்றன. தாயின் அணு வந்து தொடும்போது, பிறவாத பிள்ளையின் சார்பில் நஞ்சுக்கொடி 'உள்ளேன்' என்று விடை சொல்கிறது.

அது மட்டுமன்று. தாயின் கருப்பையிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருண்டு குறுகியவை. பிள்ளை வளர வேண்டுமானால் அவை அகன்ற வாய்க்கால்களாக மாறியாக வேண்டும். நஞ்சுக்கொடியின் அணுக்கள் உள்ளே இறங்கி அக்குழாய்களின் சுவரைத் திருத்தியமைக்கின்றன. அந்த வேலையில் உடன் நின்று உதவுபவை தாயின் இந்த அணுக்களே. வாய்க்கால் வெட்டுவோர்க்குக் கரையில் நின்று வழிகாட்டும் மூத்தோரைப் போல, எவ்வளவு அகலம் போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவை சீர்செய்கின்றன.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி மொஃபெட் என்னும் பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று எங்களுக்குப் பெரிதும் தெளிவு தந்தது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் அளவு கடந்து ஏறித் தாயையும் சேயையும் அச்சுறுத்தும் நோயை அவர்கள் ஆராய்ந்தார்கள். தாயின் அணுக்களில் அடக்கும் ஏற்பிகளே மேலோங்கியிருந்து, அவற்றை வலுவாகப் பற்றும் வகையைச் சேர்ந்த எச்.எல்.ஏ.-சி கருவிடம் அமைந்துவிட்டால், அந்நோய்க்கு இடம் மிகுதியாகிறது. இதன் பொருளைக் கவனியுங்கள். அந்த அணுக்கள் மிகையாக அடக்கப்பட்டால் வாய்க்கால் போதிய அளவு அகலாமற் போகிறது. அவற்றின் உற்சாகமே பிள்ளைக்கு உதவுகிறது! அடக்க வேண்டும் என்று எங்கள் மகளுக்குச் சொல்லப்பட்டவை, பணி செய்யும்படி விட்டுவிட வேண்டியவையாகவே இருந்திருக்கலாம்.

காகிதத்தில் எழுதப்படாதவை

இப்போது அந்தச் சிவப்புக் கோட்டை மீண்டும் பார்த்தோம். சோதனைக்கு எடுத்தது கையிலிருந்த இரத்தம். கையிலுள்ள இரத்தத்தில் ஓடும் அணுக்களை எண்ணி, கருப்பையிலுள்ள வேறொரு வகை அணுக்களின் நடத்தையைச் சொல்ல இயலாது. மேலும், இரத்தத்திலுள்ள இவற்றின் எண்ணிக்கை ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடியது. உடல் உழைத்தாலும் உள்ளம் பதறினாலும் சில நிமிடங்களிலேயே உயர்ந்துவிடும். அன்று அம்மையத்தில் மின்தூக்கி பழுதாகியிருந்ததாம். மூன்று மாடி ஏறிப்போய், என்ன சொல்வார்களோ என்று நடுங்கிக்கொண்டே கையை நீட்டினேன் என்று மகள் சொன்னாள். அவளது அச்சத்தையே எண்ணி அறிக்கையில் எழுதிவிட்டார்களோ என்றுகூட நினைத்தோம்.

இவ்வகைச் சோதனைக்கும் அதையொட்டிய மருந்துகளுக்கும் போதிய ஆதாரமில்லை என்று மொஃபெட்டும் அவர் தோழர்களும் 2004இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மனித இனப்பெருக்க மருத்துவத்திற்கான ஐரோப்பியச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும், தொடர்ந்து கரு கலையும் பெண்களுக்கு இந்த அணுக்களைச் சோதிக்கும்படி பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறுகிறது.

ஆயினும் சோதனைகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பெரும் தவறாகும். இரத்தத்தை உறையச் செய்யும் ஒருவகை எதிர்ப்பொருள் சிலரிடம் உண்டு. அது கண்டறியப்பட்டால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொண்டு பல பிள்ளைகளைக் காக்க முடிகிறது. தைராய்டு சுரப்பியையும் கருப்பையின் அமைப்பையும் பார்க்க வேண்டும். மருத்துவர் தேவையெனக் கருதினால் கணவன், மனைவி இருவருடைய குரோமோசோம்களையும் பார்க்க வேண்டும். எங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் இவை யாவும் முன்னரே பார்க்கப்பட்டு, குறையில்லை என்று தெரிந்திருந்தது. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, கரு உருவான கணத்திலேயே குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் கலைபவை. அங்கே தாயின் உடல் செய்த குற்றமென்று ஒன்றுமில்லை.

மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்தும் காரணம் அறியப்படாத பெண்களின் எதிர்காலம் என்ன? பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் 836 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு ஹார்மோன் மருந்தும், மறு சாராருக்கு மருந்தே இல்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். போலி மருந்து பெற்றவர்களிலும் நூற்றுக்கு 63 பேர் உயிருள்ள பிள்ளையைப் பெற்றெடுத்தார்கள். ஹார்மோன் மருந்து பெற்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 66 பேர். அந்த வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ள இயலாது என்று ஆய்வாளர்களே கூறினார்கள். இவ்வெண்ணைப் படித்த அன்று எங்கள் வீட்டில் நெடுநாளைக்குப் பின் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்த்தோம். எஞ்சிய 37 பேரையும் நாங்கள் மறந்துவிடவில்லை. ஆனால் எந்த மருந்துக்கும் பின்னே 'குழந்தை பிறந்தது பாருங்கள்' என்று ஒருவர் சொல்லும்போது, இந்த 63ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் விடை

தை மாதத்தில் ஒரு நாள் மகளையும் மருமகனையும் சம்பந்தியம்மாளையும் ஒன்றாக அமர்த்தி, நாங்கள் கற்றதை எல்லாம் சொன்னோம். விலங்கியல் கற்பித்தவர் பழைய வழக்கப்படி ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். சம்பந்தியம்மாள் நல்லவர், ஆயினும் 'வயிற்றில் தங்கவில்லையே' என்று போகிறபோக்கில் பலமுறை சொல்லியிருந்தார். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் இவனுக்கு முன்னால் ஒன்று போய்விட்டது. என் மாமியார் என்னைச் சொன்னதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாதது அது. மருமகனுக்கே அன்றுதான் தெரியும்.

மகளிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: "மகளே, உன் உடம்பு உன் பிள்ளைகளைக் கொல்லவில்லை. அவர்களுக்காக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் உன்னை மனத்தில் வைத்துக்கொண்டு வைக்கவில்லை."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் வரைந்த தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஏற்று மருந்துக்கு அவர்கள் செல்லவில்லை. அரசு மருத்துவக் கல்லூரியிலுள்ள மகப்பேற்று மருத்துவர் ஒருவரிடம் பார்த்துவருகிறார்கள். தொட்டில் இன்னும் வரவில்லை. வருமா என்பதை நாங்கள் அறியோம். ஆனால் பிள்ளையார் பிறந்தநாள் விழா, பெயர்சூட்டு விருந்து என்று யார் அழைத்தாலும் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் வழக்கம் அவளிடம் நின்றுவிட்டது. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தானே கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் இரவில் உறங்குகிறாள் என்று மருமகன் சொல்கிறார்.

இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் வீட்டிலும் கருவை இழந்த ஒரு மகளோ மருமகளோ இருக்கலாம். மருத்துவர் எழுதும் பெயர்களில் சில, சோதனைச்சாலையின் தேவைக்கு ஏற்பட்டவை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பெண்ணின்மேல் ஒட்டிவிடாதீர்கள். அவளுடைய உடலில் இரவும் பகலும் காவல் செய்யும் சிற்றணுகூட, இரு தட்டையும் நிறுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்கிறது. நாமும் அவ்வளவாவது பொறுத்துப் பேசுவோம்.